எல்.டி.வி. கைப்பட்டை: இதை முதலில் கட்டியவர் யார்?

2025 மார்ச் 10

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் உள்ளூர்க் காவலுக்குத் தாமாக முன்வந்த ஒருவர் கையில் கட்டிய பட்டை ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை முதலில் கட்டியவர் யாரென்று கண்டுபிடிக்க வழி உண்டா என்பதே என் கேள்வி.

நான் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள சண்டர்லேண்டில் வசிக்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கையால் சுழற்றும் பழைய சிங்கர் தையல் இயந்திரம் ஒன்றை அம்மாவுக்காக வாங்கினேன். விற்றவர், யாரோ ஒருவருடைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பொருள் என்று மட்டும் சொன்னார். மரப்பெட்டியின் பக்க அறையில் பாபின், துருப்பிடித்த ஊசிகள், பொத்தான்கள் ஆகியவற்றுக்கு அடியில் நான்காக மடித்த காக்கித் துணி ஒன்று இருந்தது. விரித்தால் வளையமாகத் தைத்த பட்டை. அதன் மேல் கறுப்பு நாடாவை வெட்டி ஒட்டுத்தையல் போட்டு எல், டி, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பொருத்தியிருக்கிறார்கள். உட்புறத்தில் ஊதா நிறத்தில் நான்கு எழுத்துகளும் சில எண்களும் மங்கலாகத் தெரிகின்றன. அவை ராணுவ எண் என்று நினைக்கிறேன்.

2025 மார்ச் 11

அந்த மூன்று எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 1940 மே 14 அன்று இரவு, அன்றைய பிரிட்டிஷ் போர்த்துறை அமைச்சர் ஆந்தனி ஈடன் வானொலியில் பேசினார். ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் நுழைந்துகொண்டிருந்த வாரம் அது. வான்குடையில் இறங்கும் எதிரியைத் தடுக்க, 17 வயது முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் தத்தம் ஊரில் உள்ள காவல் நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் சுமார் 2,50,000 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இப்படித் திரண்ட ‘உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்’ படையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் எல், டி, வி.

அந்தப் பெயர் நீடிக்கவில்லை. பிரதமர் சர்ச்சிலுக்கு அது பிடிக்காததால், ஜூலை மாத இறுதிக்குள் ‘ஹோம் கார்டு’ என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே இந்த மூன்று எழுத்துகளைத் தைத்த பட்டை என்றால், அது ஏறத்தாழ பத்து வாரங்களுக்குள் உருவானதாக இருக்க வேண்டும். தேடும் எனக்கு இது பெரிய உதவி. ஆளைத் தெரியாவிட்டாலும் காலம் தெரிகிறது.

2025 மார்ச் 14

இத்தகைய பட்டைகளில் போலி அதிகம் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். அவர் சொல்வது சரி. நாடகங்களுக்காகவும் போர்க்கால வேடமிடும் விழாக்களுக்காகவும் செய்த நகல்கள் சில ஆண்டுகளிலேயே பழுத்துப் பழம்பொருள்போல ஆகிவிடுகின்றன. இருந்தாலும் சோதிக்க முடிந்ததைச் சோதித்தேன்.

கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, அறையை இருட்டாக்கிப் பட்டையின் மேல் பிடித்தேன். போருக்குப் பிந்தைய சலவைத்தூளிலும் நூலிலும் கலக்கும் வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் நீல வெண்மையாகப் பளிச்சிடும். என் சட்டைக் கை அப்படித்தான் மின்னியது. பட்டையோ மங்கிய பழுப்பாகவே கிடந்தது. எழுத்துகளைச் சுற்றிய நூலும் மின்னவில்லை. தானாகவே அறுந்து தொங்கிய நூல் துணுக்கு ஒன்றைத் தீயில் காட்டியபோது, உருகி உருண்டையாகாமல் காகிதம் எரிவதுபோல எரிந்து சாம்பலானது. பருத்தி நூல். இவை பழமையை நிரூபித்துவிடவில்லை என்பதை அறிவேன். புதியது என்று சொல்வதற்கு இருந்த காரணங்களை விலக்கியிருக்கின்றன, அவ்வளவுதான். நவீனச் சலவைத்தூளை இந்தத் துணி ஒருமுறைகூடக் கண்டதில்லை என்பது என் மனத்தில் நின்றது.

அரசு அச்சிட்டுக் கொடுத்த பட்டைகளில் உற்பத்தியாளர் பெயரும், போர்த்துறைச் சொத்து என்பதற்கான அம்புக் குறியும் முத்திரையாக இருப்பது உண்டு. இதில் அது இல்லை. சீருடையும் துப்பாக்கியும் போதாமல் இருந்த அந்த முதல் வாரங்களில் பல ஊர்களில் பட்டைகளை வீட்டுப் பெண்களே தைத்தார்கள். இதுவும் வீட்டில் தைத்தது.

2025 மார்ச் 22

முதல் குறிப்பில் ‘ராணுவ எண்’ என்று எழுதியது தவறு.

இந்த ஒரு வாரமும் அந்த எண்ணை ராணுவப் பட்டியல்களோடு ஒப்பிட்டு நேரத்தை வீணாக்கினேன். நேற்று இரவு, பழைய அடையாள அட்டை ஒன்றின் படத்தை வேறு எதற்காகவோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. போர் தொடங்கியவுடன் 1939 செப்டம்பர் 29 அன்று பிரிட்டனில் எல்லோரையும் வீடு வீடாகப் பதிவு செய்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை எண்ணில் முதலில் பகுதியைக் குறிக்கும் எழுத்துகள் வரும். அடுத்து அந்த வீட்டின் படிவ எண். கடைசியில் அந்த வீட்டில் அவர் எத்தனையாவது ஆள் என்ற எண். பட்டையின் உள்ளே இருப்பதும் இதே அமைப்புதான். கடைசி எண் 3.

அதாவது, நான் தேடிக்கொண்டிருந்த ஆளின் வீட்டு முகவரியே இத்தனை நாளும் என் மேசையின் மேல் கிடந்திருக்கிறது. எண்ணை முழுமையாக இங்கே எழுதப் போவதில்லை. குடும்பத்தினர் யாரேனும் இருந்தால் அவர்களுக்குத் தெரிவதற்கு முன் இணையத்துக்குத் தெரிவது நியாயமாகாது.

2025 மார்ச் 30

வீடு கிடைத்துவிட்டது. ஆளும் கிடைத்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

1939ஆம் ஆண்டுப் பதிவேடு தேசிய ஆவணக் காப்பகத்தின் உடைமை. கட்டணம் செலுத்தினால் இணையத்தில் பக்கங்களைப் பார்க்கலாம். 1931ஆம் ஆண்டு இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942இல் ஒரு தீவிபத்தில் எரிந்துபோயின. 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே அந்தத் தலைமுறையைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பதிவேடு பெரும் ஆதாரம். காப்பகத்தின் அட்டவணையில் பகுதி எழுத்துகளைக் கொண்டு தேடியபோது, டர்ஹம் மாவட்டத்தின் கடலோரச் சுரங்க ஊர் ஒன்று வந்தது. அங்கிருந்து படிவ எண்ணைப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அந்த வீட்டுக்குப் போனேன்.

ஐந்து வரிகள். முதல் வரியில் குடும்பத் தலைவர், நிலக்கரி வெட்டுபவர். தொழிலுக்கு அருகில் ‘கடும் உழைப்பாளி’ என்ற குறிப்பு. இரண்டாம் வரியில் அவர் மனைவி. தொழில் என்ற இடத்தில் ‘ஊதியமற்ற வீட்டு வேலை’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் வரியில் ஒரு பையன், 1923 ஜூனில் பிறந்தவன், சுரங்கத்துக்குள் மட்டக்குதிரை ஓட்டும் வேலை. நான்காம் வரி கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கிறது: பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களின் வரியை, அவர்கள் இறந்தது உறுதியாகும்வரை திறப்பதில்லை. ஐந்தாம் வரியில் வேறு குடும்பப் பெயருள்ள ஓர் ஆண், 1897இல் பிறந்தவர், மணமாகாதவர். வீட்டில் வாடகைக்குத் தங்கியவர்.

கடைசி எண் 3 என்பதால் பட்டை அந்தப் பையனுடையது. 1940 ஜூனில் அவனுக்கு 17 வயது நிறைந்தது. சேர்வதற்கான வயது அதுதான். எல்லாம் பொருந்துகிறது. பகல் முழுவதும் பூமிக்கடியில் குதிரையோடு இருளில் நடந்துவிட்டு, இரவில் கடற்கரையில் காவல் நின்ற ஒரு பதினேழு வயதுப் பையனை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2025 ஏப்ரல் 2

ஒரு துணிப் பட்டைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்டவருக்கு: இந்தப் பட்டை வெறும் அடையாளச் சின்னம் அன்று. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் நிலப்போர் விதிகளில் முதல் பிரிவைப் படித்துப் பாருங்கள். முறையான ராணுவத்தைச் சேராத தொண்டர் படையைப் போர்வீரராக ஏற்க நான்கு நிபந்தனைகள் உண்டு: பொறுப்பான தலைவர் வேண்டும், தூரத்திலிருந்தே தெரியும் நிலையான அடையாளம் வேண்டும், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும், போர் விதிகளின்படி நடக்க வேண்டும். சீருடை கைக்கு வராத நாட்களில் அந்த இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றியது இந்தக் காக்கித் துண்டு மட்டும்தான். பிடிபட்டால், போர்க்கைதி என்று உயிரோடு வைத்திருப்பார்களா, ஆயுதமேந்திய பொதுமக்கள் என்று சுவரோரம் நிறுத்திச் சுடுவார்களா என்பதற்கு இடையே நின்றது இது. தைத்தவருக்கு ஹேக் உடன்படிக்கை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாடாவின் விளிம்பை இவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால், எழுத்து ஒன்றுகூடப் பிரிந்துவிடக் கூடாது என்ற கவலை அவர் கையில் இருந்திருக்கிறது.

2025 ஏப்ரல் 7

மார்ச் 30ஆம் தேதிக் குறிப்பை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

அம்மா மதுரையில் முப்பது ஆண்டு தையல் வேலை பார்த்தவர். ஊரிலிருந்து சனிக்கிழமைதான் வந்தார். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டு, பட்டையைக் கையில் வாங்கி, எழுத்துகளைப் பார்க்காமல் உட்புறத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “இதைப் பிரித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பது இரண்டாம் தையல்” என்றார்.

நான் ஏறத்தாழ நான்கு வாரமாகப் பார்த்தும் பார்க்காதது அது. இணைப்புத் தையலுக்கு வெளியே, மடிந்திருந்த மிச்சத் துணியில், ஊசி நுழைந்த துளைகள் ஒரு கோடாக ஓடுகின்றன. நூல் இல்லை, துளைகள் மட்டும் இருக்கின்றன. அந்தக் கோட்டில் துணி சற்றுத் தேய்ந்திருக்கிறது. அம்மா இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தார். முதல் தையலின்படி சுற்றளவு 18 அங்குலம். இப்போதைய தையலின்படி 14 அங்குலம். துணியை வெட்டாமல் உள்ளே மடித்து வைத்ததற்கு, மீண்டும் பெரிதாக்க வேண்டி வரலாம் என்ற எண்ணம்தான் காரணம் என்றார் அம்மா. பள்ளிச் சீருடைக்கு அவர் எத்தனையோ முறை செய்த வேலை அது.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்த ஊதா எழுத்து காப்பியிங் பென்சிலால் எழுதியது. ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவி அழியாமல் நிற்குமே, ரேஷன் கடைகளில் நாம் பார்த்த அதே பென்சில். கடைசி எண்ணான 3 இரண்டாம் தையலின் மேல் ஏறி நிற்கிறது; வியர்வையில் கசிந்த ஊதா அந்த நூலுக்குள்ளும் ஊறியிருக்கிறது. மடிப்புக்குள் மறைந்திருந்த துணியிலோ ஊதாவின் சாயல்கூட இல்லை. அதாவது, பட்டையைச் சிறிதாக்கிய பிறகுதான் எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

எண் பையனுடையதுதான். ஆனால் அவன் இரண்டாவதாகக் கட்டியவன். என் கேள்வி முதலில் கட்டியவரைப் பற்றியது.

2025 ஏப்ரல் 9

ஒருவர் எழுதியிருக்கும் மறுப்பு நல்ல மறுப்பு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே ஆள் முதலில் கனத்த மேலங்கிக்கு மேல் கட்டிவிட்டு, கோடையில் சட்டைக்கு மேல் கட்டச் சிறிதாக்கியிருக்கலாமே என்கிறார். மே மாதத்திலும் இந்தக் கடற்கரையில் இரவில் மேலங்கி இல்லாமல் நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஜூலையிலும் நிற்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே வானிலை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. தாள்களைத்தான் தேட வேண்டும்.

வீட்டில் இன்னும் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். நிலக்கரி வெட்டுபவரான தந்தைக்குப் புஜம் பெரிதாக இருந்திருக்கும் என்பதால் என் மனம் அவர் பக்கம் சாய்கிறது. சுரங்க வேலை போருக்கு இன்றியமையாத தொழில் என்று ஒதுக்கப்பட்டதால், அவரைப் போன்றவர்களை ராணுவத்துக்கு விடவில்லை. வேலை முடிந்த பிறகு ஊர்க்காவல் நிற்பதுதான் அவர்களுக்குத் திறந்திருந்த வழி.

2025 ஏப்ரல் 13

சென்னையில் தாத்தா கட்டிய ஏ.ஆர்.பி. கைப்பட்டை ஒன்று வீட்டில் இருப்பதாகவும், அதற்கும் இந்த வழி உதவுமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு பணி. வான்தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கும் பணி. விளக்கை அணைக்கச் சொல்வது, பதுங்கிடத்துக்கு அழைத்துச் செல்வது, இடிபாட்டில் ஆள் தேடுவது. ஆயுதம் கிடையாது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது சென்னை பாதிக்கு மேல் காலியானது. அந்த வாரத்தில் ஊரில் இருந்து பட்டை கட்டியவர் உங்கள் தாத்தா என்றால் அதைப் பத்திரமாக வையுங்கள். பிரிட்டனின் வீட்டுப் பதிவேடு உங்களுக்கு உதவாது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். அதற்கு முன் பட்டையின் உட்புறத்தைத் தையல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். துவைத்துவிடாதீர்கள்.

2025 ஏப்ரல் 27

இன்னொரு திருத்தம். மார்ச் 30 அன்று ஐந்தாம் வரியில் இருப்பவரை ‘வாடகைக்குத் தங்கியவர்’ என்று எழுதினேன். பதிவேட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லை. 1939 பதிவேட்டில் உறவுமுறைக்கு இடமே கிடையாது; பெயர், பிறந்த நாள், மணமானவரா, என்ன தொழில் என்பவைதான் உண்டு. வேறு குடும்பப் பெயரைக் கண்டதும் நானே அந்தச் சொல்லைப் போட்டேன்.

இங்கிலாந்தின் பிறப்புப் பதிவு அட்டவணையில், 1911ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டிலிருந்து, குழந்தையின் பெயருக்கு அருகில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் அச்சிடுகிறார்கள். வேறு ஒரு காரணத்துக்காக, பையனின் பிறந்த ஊரை உறுதிசெய்ய, அந்த வரியைத் தேடினேன். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஐந்தாம் வரியில் உள்ளவரின் குடும்பப் பெயரும் ஒன்று. அது அந்தப் பகுதியில் அபூர்வமான பெயர். அவர் பிறந்த ஆண்டுக்கும் அந்தப் பெண்மணியின் பிறந்த ஆண்டுக்கும் நான்கே ஆண்டு வித்தியாசம். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருவரும் ஒரே வீட்டில், ஒரே தாய் தகப்பனுக்குப் பிள்ளைகளாக இருக்கிறார்கள். அந்தத் தாளில் உறவுமுறை உண்டு.

அவர் வாடகைக்கு வந்தவர் அல்லர். அந்தப் பையனின் தாய்மாமன்.

அம்மாவிடம் சொன்னேன். “நான் நினைத்தேன். வாடகைக்கு இருப்பவருக்கு யார் உட்கார்ந்து இவ்வளவு நெருக்கித் தைப்பார்கள்?” என்றார். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார்.

2025 மே 18

ஹோம் கார்டு சேர்க்கைப் படிவங்கள் மாவட்டவாரியாகக் கட்டி வைக்கப்பட்டவை. அவற்றில் டர்ஹம் மாவட்டத்துப் படிவங்கள்தான் முதலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ ஓ 409’ என்ற வரிசையில் பெயரைக் கொண்டு தேடலாம். பக்கத்து மாவட்டத்தில் அவர்கள் வாழ்ந்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

முதலில் தந்தையின் படிவத்தை எடுத்தேன், ஏனென்றால் அவர்தான் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அவர் சேர்ந்த நாள் 1942 மார்ச். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான், ஆட்களைக் கட்டாயமாகவும் சேர்க்கலாம் என்ற ஆணை வந்தது. அதற்கு முன் சேர்ந்து விலகியதாகப் படிவத்தில் ஒரு குறிப்பும் இல்லை. 1942இல் சேர்ந்தவருக்கு, 1940 ஜூலையோடு ஒழிந்த பெயரை யாரும் தைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். தந்தை விலகுகிறார்.

தாய்மாமனின் படிவத்தில் சேர்ந்த நாள் 1940 மே 27. ஈடன் பேசிப் பதின்மூன்று நாள். முந்தைய ராணுவப் பணி என்ற இடத்தில், டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரி (டர்ஹம் மாவட்டத்துக் காலாட்படைப் பிரிவு), 1915 முதல் 1919 வரை என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். எழுத்து சாய்வில்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. படிவத்தில் உள்ள 3 என்ற எண்ணின் மேல்பகுதி தட்டையாக, மேசை விளிம்புபோல இருக்கிறது. பட்டையில் உள்ள 3 என்ற எண்ணும் அப்படித்தான்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை அழித்தேன். தட்டையான 3 அந்தக் காலப் பள்ளியில் படித்த ஆயிரம் பேருக்கு இருந்திருக்கும். இருந்தாலும் பார்த்ததை மறைக்க மனமில்லை.

2025 மே 19

தாய்மாமனின் முதல் உலகப் போர் ஆவணத்தைப் பார்க்கும்படி ஒருவர் சொல்கிறார். தேடினேன், இல்லை. லண்டன் ஆர்ன்சைடு தெருவில் இருந்த போர்த்துறைக் கிடங்கின் மேல் 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து, முதல் போரில் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. பதக்க அட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் பெயர், படைப்பிரிவு, இரண்டு பதக்கங்கள். முதல் போரில் அவர் என்ன செய்தார் என்பதற்கான தாள் எரிந்த மாதத்தில், அவர் இரண்டாம் போருக்காக இந்தக் கடற்கரையில் இரவுக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

2025 ஜூன் 8

குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எப்படி என்று விரிவாக எழுத மாட்டேன். உள்ளூர் மயானப் பதிவு ஒன்றும், சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் ஒரு முதியவரின் உதவியும் போதுமானவையாக இருந்தன. பையன் 1990களில் காலமாகிவிட்டார். அவருடைய மகள், எழுபது வயதைக் கடந்தவர், இங்கிருந்து அரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறார். தொலைபேசியில் அழைக்காமல் கடிதம் எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர் குரலாக வந்து உங்கள் தந்தையின் பொருள் என்னிடம் இருக்கிறது என்று சொன்னால், ஏமாற்று வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பட்டையின் படத்தை வைத்தேன், பணம் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். எண்ணின் கடைசி இலக்கத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவர் தரப்பில் இருக்கும் நினைவு என் கண்டுபிடிப்பால் வளைந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

2025 ஜூன் 24

பதில் வந்தது. நான்கு பக்கம், கையெழுத்தில். ஒரே ஒரு பகுதியை அவர் அனுமதியுடன் சொல்கிறேன்.

அவருடைய தந்தை 17 வயது நிறைந்த வாரத்திலேயே பெயர் கொடுக்கப் போனாராம். ஊரில் பட்டை தீர்ந்துபோயிருந்தது. தாய்மாமனுக்கு அந்த வாரம்தான் அச்சிட்ட அரசுப் பட்டை கிடைத்திருந்ததால், அக்கா தைத்துக் கொடுத்த பழையதை மருமகனுக்குக் கொடுத்தார். பையனின் அம்மா அன்று இரவே அதைப் பிரித்துச் சிறிதாக்கினார். காவலில் ஏதேனும் நேர்ந்தால் ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே என்று, உள்ளே எண்ணை எழுதியது மாமன். பென்சிலை நாக்கில் நனைத்து எழுதியதால் மாமனின் உதடு ஊதாவாக இருந்ததை அவர் தந்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஏப்ரல் 9ஆம் தேதி மறுப்பு எழுதிய நண்பருக்கு இதுதான் பதில். உங்கள் கேள்வி இல்லாமல் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

2025 ஜூன் 25

முதல் போரில் அத்தனை பேர் பெயரில்லாமல் புதைக்கப்பட்டதைப் பார்த்தவர் அந்த எண்ணை எழுதினார் என்பது நேற்று இரவெல்லாம் மனத்தில் ஓடியது. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அது என் நினைப்பு மட்டும். ஹோம் கார்டு பணியில் இருந்தபோது 1,206 பேர் இறந்திருக்கிறார்கள். எதிரிப் படை கரையில் இறங்கவே இல்லாதபோது இவ்வளவு பேரா என்று எனக்குத் தோன்றியது உண்டு. குண்டுவீச்சிலும் பயிற்சி விபத்துகளிலும் போன உயிர்கள் அவை. மாமன் தேவையில்லாமல் எழுதவில்லை.

2025 ஜூலை 20

கடிதம் எழுதிய அந்த அம்மையார், பையனின் மகள், நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்முடைய பாட்டி தைத்த சமையலறை மேலாடை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. நான் தேநீர் போட உள்ளே போய்த் திரும்பியபோது, இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேலாடையின் உட்புறமும் பட்டையின் உட்புறமும் அருகருகே கிடந்தன. தையல் தொடங்கும் இடத்தில் முடிச்சுப் போடாமல், ஒரே துளையில் மூன்று முறை ஊசி ஏற்றி, நூலின் நுனியை இடப்பக்கம் மடித்துச் செருகியிருந்தது. பட்டையிலும் அப்படியே. எழுத்துகளைப் பொருத்திய தையலிலும், சிறிதாக்கிய இரண்டாம் தையலிலும் அதே தொடக்கம். அம்மா விரல் நுனியால் மூன்று இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தாய்மாமன் மணம் செய்துகொள்ளவே இல்லை. 1944 டிசம்பர் 3 அன்று படையை நிறுத்திவைக்கும்வரை இருந்துவிட்டு, அக்காவின் வீட்டிலேயே வாழ்ந்து முடிந்தார். மறைக்கப்பட்டிருந்த நான்காம் வரி, பையனின் தங்கை. அவர் இன்றும் இருக்கிறார் என்பதால் அந்த வரி மறைந்தே இருக்கட்டும்.

பட்டை அந்த அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தது. தையல் இயந்திரத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தைக்கத் தெரிந்தவரிடம் இருக்கட்டும் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார்.

2025 ஆகஸ்ட் 3

கடைசிக் கேள்விக்குப் பதில்: பட்டையை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா என்பதை அந்த அம்மையார்தான் முடிவு செய்ய வேண்டும். டர்ஹமில் மவுண்ட் ஆஸ்வால்டில் 2024இல் திறந்த ‘தி ஸ்டோரி’ என்ற மையத்தில் மாவட்ட ஆவணங்களும் டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரியின் சேகரிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்று மட்டும் தெரிவித்தேன். அத்தை இருக்கும்வரை வீட்டில் இருக்கட்டும் என்கிறார்.

துவைக்காமல், இஸ்திரி போடாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அம்மாதான் கொடுத்தனுப்பினார். உடன் வைக்க நான் ஒரு தாளில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தேன்: முதலில் கட்டியவர் என்று தாய்மாமனின் பெயர், அடுத்துக் கட்டியவர் என்று மருமகனின் பெயர். அந்த அம்மையார் தாளை வாங்கி, என் பென்சிலையும் கேட்டு வாங்கி, இரண்டு வரிக்கும் மேலே தைத்தவர் என்று எழுதித் தம் பாட்டியின் பெயரைச் சேர்த்தார்.